வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள்

வீட்டில் அவளைக் கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, எட்டு வயதுக்குள் இங்கத்து மொழியைக் கரைத்துக் குடித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் வணக்கம், நன்றி, எத்தனை மணிக்கு என்பதைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்த காலம் அது. குடியேற்ற அலுவலகம், பள்ளிக்கூடம், வாடகை வீட்டுக்காரர், பல் வைத்தியர் என்று எங்கே போனாலும் மேஜை உயரம்கூட இல்லாத இந்தப் பெண்ணைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கமும் அச்சுப் பிசகாமல் சொல்வாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

இப்போது அவளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்கப்போகிறாய் என்று ஒரு படிவத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு வரிதான். "முதன்மைப் பாடம்" என்று அச்சடித்துப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். மூன்று வாரமாக அந்தத் தாள் நான்காக மடிந்து அவள் பைக்குள் கிடந்தது. எடுத்துப் பிரிப்பாள், அந்தக் கோட்டைப் பார்ப்பாள். மறுபடியும் மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

வீட்டைப் பொறுத்தவரை அந்தப் படிவமே வெட்டி வேலை. கிளி டாக்டர். அது முடிந்துபோன விஷயம். உயிரியல் என்று எழுத வேண்டும், பிறகு மருத்துவக் கல்லூரி. நகரப் பேருந்து ஓட்டும் அப்பாவைப் பணிமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டாக்டரோட அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்கு மறுப்பில்லாமல் திரும்பிப் பார்ப்பார். ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள், எப்படி இருக்கீங்க என்று கேட்பதற்கு முன்னால் தங்கள் சர்க்கரை அளவைச் சொல்லிவிட்டு, "கிளிகிட்ட கேட்டு வை" என்பார்கள். இரண்டாம் ஆண்டுப் பெண்ணுக்குச் சர்க்கரையைப் பற்றி என்ன தெரியும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

மதிப்பெண்ணிலும் குறைவில்லை. அதுதான் பெரிய சங்கடம். ஒரு பாடத்தில் தோற்றிருந்தால்கூட அதைச் சாக்காக வைத்துத் தப்பித்திருக்கலாம். அவள் எதிலும் தோற்கவில்லை. பயந்தாள், அவ்வளவுதான். மருத்துவமனை வாசலில் அந்தக் கிருமிநாசினி வாடை மூக்கில் ஏறினாலே கைகால் வெலவெலத்துப் போகும். கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கும்போது கம்பியில் வளையங்கள் உரசுமே, அந்தச் சத்தம் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன பருவத்தில் நேரம் ஒத்துவந்தது என்பதற்காக மட்டும் நிலவியல் வகுப்பு ஒன்றை எடுத்தாள். கல்லும் மண்ணும் மலையும் பற்றிய படிப்பு. அடித்தளத்தில் ஒரு நீள அறை. மரத்தட்டுகளில் வரிசை வரிசையாகக் கற்கள். மெருகில்லாத வெள்ளை ஓட்டில் ஒரு கல்லைத் தேய்த்தால் என்ன நிறக் கோடு விழுகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொன்றின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைக்கும். சொல்லிக்கொடுத்தவர் எப்போதும் பென்சிலைக் கடித்துக்கொண்டே பேசும் தடித்த மனிதர். அவருடைய பாதிப் பேச்சு பென்சிலுக்குத்தான் கேட்கும். மூன்றாவது வாரம், ஒரு கறுப்புக் கல்லை ஒரு மணி நேரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிளிக்குத் திடீரென்று உறைத்தது: இந்த அறைக்குள் வந்ததிலிருந்து பயமே இல்லை. இருப்பதே தெரியாமல் பல வருடமாய்க் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி இருந்தது. கல்லுக்கு வாய் கிடையாது. அது சொல்வதை யாருக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அன்றிலிருந்து அவளுக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

*

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் மருத்துவமனையில் நாற்பது மணி நேரம் தொண்டு வேலை செய்திருக்க வேண்டும். அவளுக்கு ஒதுக்கியது நகரத்தின் பெரிய மருத்துவமனை. தண்ணீர்க் குடுவை நிரப்புவது, சக்கர நாற்காலி தள்ளுவது, போர்வை எடுத்துக் கொடுப்பது. புதன்கிழமை காலையோடு இருபத்தாறு மணி நேரம் முடிந்திருந்தது. இருபத்தாறு மணி நேரமும் அவள் வாயாலேயே மூச்சுவிட்டுக் கடத்தியிருந்தாள். மூன்றாம் மாடிக்கு மட்டும் எந்தச் சாக்கு சொல்லியாவது போகாமல் இருந்துவிடுவாள்.

அன்று போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் மாடியில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நர்ஸ் அவள் மார்பில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தாள். அதில் பேசத் தெரிந்த மொழிகள் எழுதியிருக்கும்.

"நீ தமிழ் பேசுவியா? கடவுள்தான் அனுப்பியிருக்காரு. வா, வா. மொழிபெயர்க்கிறவங்கள ஃபோன்ல முக்கால் மணி நேரமா கூப்பிடுறோம், லைன் கிடைக்கல. ரெண்டே நிமிஷம்."

முடியாது என்று சொல்வதற்குள் நர்ஸ் அவள் முழங்கையைப் பிடித்துத் திரைக்குள் இழுத்துவிட்டாள். வளையங்கள் உரசின.

கட்டிலில் ஐம்பது ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. முகமெல்லாம் வியர்வை. வயிற்றின் வலப்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மருத்துவர், கையில் தாள்கள். தமிழ் முகத்தைக் கண்டதும் அந்தப் பெண்மணியின் கண்கள் அப்படியே கிளியைக் கவ்விக்கொண்டன.

"கண்ணு, தமிழா நீ? என்னம்மா சொல்றாங்க இவங்க? எனக்கு என்னன்னு கேட்டுச் சொல்லு கண்ணு. பையனுக்கு ஃபோன் போக மாட்டேங்குது."

மருத்துவர் கிளியின் பக்கம் திரும்பி, நிதானமாக, மென்மையாகப் பேச ஆரம்பித்தார். "நான் சொல்றத அவங்ககிட்ட சொல்லு. பயப்பட வேண்டாம்னு முதல்ல சொல்லு."

அந்த மென்மைதான் அவளைக் கொன்றது. அதே குரல். ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வேறொரு மருத்துவர் இதே குரலில்தான் அவளிடம் பேசினார். கிளிக்குக் காது அடைத்துக்கொண்டது. மருத்துவரின் உதடு அசைவது தெரிந்தது, சொல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பேயறைந்த மாதிரி நின்றாள். பிறகு எப்படித் திரையை விலக்கினாள், எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. போர்வை வண்டி நடுவழியிலேயே நின்றது. பின்னால் நர்ஸ் கூப்பிடுவது இரண்டு முறை கேட்டது. தெருவுக்கு வந்த பிறகும் ஓட்டம் நிற்கவில்லை.

*

அம்மா வேலை செய்யும் இடம் அங்கிருந்து ஆறு தெரு தள்ளி. நகரத்து ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையெல்லாம் வெளுத்து மடித்து அனுப்பும் சலவைக்கூடம். கிளி அங்கே உள்ளே போனதே இல்லை. அம்மா விட்டதில்லை. 'நீ படிக்கிற பொண்ணு, அந்தச் சூட்டுக்குள்ள உனக்கென்ன வேலை' என்பாள்.

கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. அறையின் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு மேல் உருளைகள் சுழலும் இஸ்திரி இயந்திரம். ஈர விரிப்பின் இரு முனைகளை இரண்டு பேர் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, உருளை வாய்க்குள் கொடுக்க வேண்டும். விரலும் சேர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் அம்மா. வலப்பக்கம் அம்மா 'உயரக்காரி' என்று வீட்டில் சொல்லும் அந்தப் பெண். ஒரு சொல் பேசாமல், ஒருத்தியின் கையைப் பார்த்து மற்றவள் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நிமிர்ந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். உயரக்காரி எதுவும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன ஏண்டி இப்படி நிக்கிற? உயிரே போயிடுச்சு எனக்கு."

துணி மூட்டைகள் அடுக்கியிருந்த பின்கட்டுக்கு அவளைக் கூட்டிப்போய் ஒரு மூட்டைமேல் உட்காரவைத்தாள். கிளி எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவில் ஆரம்பித்தாள்.

"என்னால டாக்டருக்குப் படிக்க முடியாதும்மா."

அம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காத்திருந்தாள்.

"நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேம்மா. பதினோரு வயசுல."

ஒன்பது வருடமாக உள்ளே கிடந்தது வாந்தி மாதிரி வெளியே வந்தது. அம்மா அப்போது ஐந்து மாதம். வயிறு வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனார்கள். அப்பா வேலைக்குப் புதிது, பேருந்து ஓட்டப் போயிருந்தார். கிளிதான் கூடப் போனாள். மருத்துவர் ஒரு கருவியை அம்மா வயிற்றில் வைத்து நெடுநேரம் தேடினார். பிறகு கிளியின் பக்கம் திரும்பி, மென்மையான குரலில், குழந்தையின் இதயம் துடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா தூங்குதாம்மா. நாளைக்கு அப்பாவோட மறுபடியும் வரணுமாம்," என்றாள் கிளி.

"நீ அன்னைக்கு வீட்டுக்கு வந்து வயித்தத் தடவிக்கிட்டே இருந்தம்மா. நான் சொன்னத நம்பி. மறுநாள் வரைக்கும். நான்தாம்மா..."

அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். முதலில் தன் முகத்தை, அப்புறம் மகளின் முகத்தை.

"லூசு. நீ சொன்னத நான் நம்பினேன்னு உனக்கு யாருடி சொன்னா?"

கிளி நிமிர்ந்தாள்.

"அந்தாளு கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. நல்ல சேதி சொல்றவன் எதுக்குடி கண்ணாடியத் துடைக்கிறான்? அதுக்கும் முன்னாடியே, மூணு நாளா உள்ள அசைவில்ல. பெத்தவளுக்குத் தெரியாதா? நீ தூங்குதுன்னு சொன்ன. உன் வாய் தூங்குதுங்குது, உன் முகம் செத்துக்கிடக்குது. நான் அங்க உக்காந்து ஒப்பாரி வச்சா நீ என்ன ஆவ? சரின்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன். வயித்தத் தடவினது வேற என்னத்துக்கு? அது இருக்கப்போற கடைசி நாளு. அதுக்காகத் தடவினேன்."

சுவருக்கு அப்பால் துவைக்கும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"ஒரு மாசம் கழிச்சு நீயாத்தான் வந்து சொன்ன, டாக்டராகப் போறேன்னு," என்றாள் அம்மா. "நாங்களா கேட்டோம்?"

"குத்த உணர்ச்சில சொன்னேம்மா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? புள்ளைக்கு ஆசை வந்திருக்குன்னு புடிச்சுக்கிட்டோம். உங்க அப்பாவுக்கு அதுலதான் உசிரே திரும்பி வந்துச்சு." அம்மா மூட்டையின் முடிச்சை நெருடினாள். "இப்ப வேணாங்கிற. சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. எனக்கும் ஆசை வந்துருச்சுடி. ஒன்பது வருஷமா சோறு போட்டு வளத்த ஆசை. அத இப்ப எங்க கொண்டுபோய் விடச் சொல்ற?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன ஆச்சு? அதச் சொல்லு," என்றாள்.

கிளி சொன்னாள். திரைக்குள் இழுத்தது, வலியோடு படுத்திருந்த பெண்மணி, மருத்துவர், ஓடிவந்தது. கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மாறியது.

"அந்தப் பொம்பள இப்ப தனியாவா கிடக்குறா?"

"நர்ஸ் இருப்பாங்க..."

"உன் மூஞ்சியப் பாத்தா, நீ ஓடுறதப் பாத்தா, அவ என்ன நினைச்சிருப்பா? எந்திரி."

"அம்மா, என்னால முடியாதும்மா. சத்தியமா முடியாது."

"உன்ன யாரு டாக்டராகச் சொன்னா? போய் ரெண்டு வார்த்த சொல்லிட்டு வரப்போறோம். நானும் வரேன்." அம்மா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உயரக்காரியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த உடைந்த மொழியில், "ஒரு மணி. ஆஸ்பத்திரி. மன்னிச்சுக்கோ," என்றாள். உயரக்காரி கையை வீசி, போ போ என்றாள்.

*

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் குழந்தையை இழந்த பிறகு அம்மா அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. வாசலில் ஒரு நொடி நின்றாள். கிளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இறுகியது. அம்மாவின் உள்ளங்கை சில்லிட்டிருந்ததை அப்போதுதான் கிளி கவனித்தாள். அந்தச் சூட்டில் வேலை செய்கிறவளின் கை. அம்மாவுக்கும் பயம். அது தெரிந்ததும் கிளிக்குத் தைரியம் வந்துவிடவில்லை. ஆனால் ஓடவும் முடியவில்லை.

இரண்டாம் மாடியில் நர்ஸ் அவளைப் பார்த்ததும் திட்ட வாயெடுத்து, கூட வந்தவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இன்னும் கிடைக்கவில்லையாம். திரைக்குள் அந்தப் பெண்மணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் எழ முயன்றாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு. நீ சொல்ல மாட்டாம ஓடின. நான் பொழைக்க மாட்டேன், அதானே? என் மகன் முகத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டா போதும்."

அம்மா நேராகப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஓடினது உங்களுக்காக இல்லைங்க. அவ கத வேற. இப்ப ஒழுங்காச் சொல்லுவா. சொல்லுடி."

மருத்துவர் வந்தார். இந்த முறை கிளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாயை மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். புரியாத சொல்லை, "புரியல, வேற மாதிரி சொல்லுங்க," என்று கேட்டாள். பதினோரு வயதில் அப்படி நிறுத்தச் சொல்லலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குரல் நடுங்கியது. நடுங்கியபடியே சொன்னாள்.

"பித்தப்பைல கல்லு இருக்காம். அது அடைச்சுக்கிட்டு, அந்த இடம் புண்ணாகி சீழ் வச்சிருக்காம். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணுமாம். தினமும் நிறையப் பேருக்குப் பண்றதுதானாம். ஆனா உங்களுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அதனால ஆபத்தே இல்லன்னு சொல்ல முடியாதாம். பொழைக்க மாட்டீங்கன்னு யாரும் சொல்லல. பண்ணலைன்னாதான் ரொம்ப ஆபத்தாம்."

ஆபத்து என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு தயங்கியது உண்மை. விடவில்லை.

அந்தப் பெண்மணி நெடுமூச்சு விட்டாள். "கல்லா? வெறும் கல்லா?"

"கல்லுதாங்க," என்றாள் கிளி.

"ஐயோ சாமி, நான் என்னென்னவோ நினைச்சுட்டேனே." வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். மருத்துவர் ஒன்றும் புரியாமல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கிளி காட்டினாள். போடுவதற்கு முன்னால் அந்தத் தாளில் உள்ள அத்தனையையும் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் வரைக்கும் இருவரும் இருந்தார்கள்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

"இப்பவும் பயமாத்தாம்மா இருக்கு. தினமும் இப்படி இருக்க என்னால முடியாது."

"தெரியுது," என்றாள் அம்மா. "வேற என்ன படிக்கப்போற?"

கிளி நிலவியலைப் பற்றிச் சொன்னாள். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அவ வயித்துக்குள்ள இருந்தத எடுத்துக் குடுத்தா படிப்பியா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்பாகிட்ட நீதான் சொல்லணும். உனக்காக நான் பேச மாட்டேன். உன் வாயால கேட்டாத்தான் அவரு நம்புவாரு," என்றாள்.

அது அவளுக்கு மருத்துவமனையைவிடப் பெரிய பயமாக இருந்தது.

*

வியாழக்கிழமை அப்பாவுக்கு விடிகாலை வண்டி. பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையருகே உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது மணி நேரம் மிதியை அழுத்திய கால். கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். கிளி மூன்று முறை உள்ளே வந்து மூன்று முறை வெளியே போனாள்.

"என்ன, பூன மாதிரி சுத்துற?" என்றார் அப்பா.

படிவத்தை மேஜைமேல் வைத்தாள். சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல.

"கல்லா?" என்றார் அப்பா. "ரோட்டுல கிடக்குதே, அந்தக் கல்லா?"

"ஆமாப்பா."

"அதப் படிக்கவா கடல் தாண்டி வந்தோம்?"

கத்தியிருந்தால் தேவலை. அப்பா கத்தவில்லை. "தினமும் நாலு தடவ அந்த ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிறுத்துறேன். ஒவ்வொரு தடவையும் கதவத் திறக்கும்போது, ஒரு நாளு இங்க என் பொண்ணு இறங்கிப் போவா, நான் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நினைப்பேன். ஒன்பது வருஷமா நினைக்கிறேன். உனக்கு என்ன தெரியும்?"

கிளி மூன்றாம் மாடியில் நடந்ததை அவருக்கும் சொன்னாள். தூங்குகிறது என்று சொன்னதை. நேற்று ஓடியதை, திரும்பிப் போனதை. அப்பாவின் கை காலுறையைப் பிடித்தபடியே நின்றது.

"பயந்து ஓடுறியா, இல்ல அந்தக் கல்லு புடிச்சுப் போறியா?" என்று கேட்டார்.

பிடித்துத்தான் என்று சொல்வது சுலபம். "ரெண்டும்தாம்பா," என்றாள்.

அப்பா எழுந்தார். சன்னல் பக்கம் போய் நின்றார். "அன்னைக்கு லீவு குடுக்கலைன்னு உங்க அம்மாகிட்ட சொன்னேன்," என்றார் வெளியே பார்த்துக்கொண்டே. "கேட்டாத்தானே குடுப்பாங்க. நான் கேக்கவே இல்ல. புது வேலை, அனுப்பிடுவாங்களோன்னு பயம். சின்னப் புள்ளைய அனுப்பிட்டு நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

அடுப்புப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா திரும்பவில்லை.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெறுங்காலோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவள் அலுவலகச் சன்னலில் நின்றாள். முன்னால் இரண்டு பேர். பேனாவைப் பிடித்த விரல்கள் சில்லிட்டிருந்தன. அப்பாவின் வீங்கிய கணுக்கால் கண்முன் வந்துகொண்டே இருந்தது. உயிரியல் என்று எழுதிவிட்டால் இன்றைக்கு வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அதையும் நினைத்தாள். ஒரு முறை அதன் முதல் எழுத்தைக்கூடக் காற்றில் போட்டுப் பார்த்தாள்.

பிறகு நிலவியல் என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது.

உள்ளே இருந்த பெண் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. முத்திரையைக் குத்தி, தட்டில் போட்டு, "அடுத்தவங்க," என்றாள். கிளிக்குப் பின்னால் யாரும் இல்லை.

வெளியே படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பெரிய தப்பைச் செய்துவிட்டோமோ என்ற கலக்கம்தான் வந்தது. ஆனால் எழுந்து உள்ளே போய் அந்தத் தாளைத் திரும்பக் கேட்கவும் தோன்றவில்லை.

அடுத்த மூன்று வாரம் அப்பா அவளோடு நேராகப் பேசவில்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அவ சாப்டாளான்னு கேளு," என்பார் அம்மாவிடம். "சாப்டேன்னு சொல்லும்மா," என்பாள் கிளி. "எனக்கு ரெண்டு பக்கமும் காது கேக்குது, ரெண்டு பேருக்கும் நல்லா வாயும் இருக்கு," என்று அம்மா சலித்துக்கொண்டே இருபக்கமும் சொல்வாள். பணிமனையில் இன்னும் அவர் டாக்டரோட அப்பாதான். அவர் யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை என்பது கிளிக்குத் தெரியும்.

நான்காவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வகுப்பிலிருந்து கல் குவாரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லும் கடிதம் மேஜைமேல் கிடந்தது. அப்பா அதை எடுத்தார். இத்தனை வருடத்தில் கொஞ்சம் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பாற விழுற இடம்னு போட்டிருக்கு," என்றார். அம்மாவைப் பார்க்கவில்லை.

கிளிக்கு ஒரு கணம் யாரிடம் பேசுகிறார் என்றே புரியவில்லை. "ஜாக்கிரதையா இருக்கணும்னு போட்டிருக்காங்கப்பா."

"ஹெல்மெட் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"நல்ல ஹெல்மெட்டா? பழசக் குடுத்து ஏமாத்திடப் போறானுங்க. வார்ப்பட்டைய இழுத்துப் பாத்து வாங்கு." கடிதத்தை மேஜையில் வைத்து, கையால் நீவிவிட்டார். முகத்தில் பழைய கோபம் அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே வேறொரு கவலை வந்து உட்கார்ந்திருந்தது. "போகாம இருக்க முடியாதா?"

"முடியாதுப்பா. பாடமே அதுதான்."

"எத்தன மணிக்குப் போகணும்?"

"காலைல ஏழரைக்கு."

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏழு பத்துக்கு வர்ற வண்டில ஏறு. அடுத்தத நம்பாத, அது எப்பவும் லேட்டு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.